ஊர் ஊராகச் சுற்றும் பிட்சர்: மைனர் லீக் பேஸ்பால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவின் டர்ஹம் நகரில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அங்கே பேஸ்பால் மைதானம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. டிக்கெட் விலை ஒரு சினிமாவுக்கு ஆகும் செலவுதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு முதல் ஒரு மாதம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆட்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். போன வாரம் பந்து வீசிய பிட்சர், அதாவது நம் பௌலர், இந்த வாரம் இருக்க மாட்டார். அவர் இடத்தில், தலை நரைக்க ஆரம்பித்த இன்னொருவர் நிற்பார். இவர்களெல்லாம் யார், எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று தேடத் தொடங்கியது வழக்கமாகிவிட்டது. ஊருக்கு வந்தபோதெல்லாம் நண்பர்கள் இதைப் பற்றிக் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் இவை.

மைனர் லீக் என்றால் நம்ம ரஞ்சி டிராபி மாதிரியா?

இல்லை. ரஞ்சியில் தமிழ்நாடு அணி தமிழ்நாட்டுக்காக ஆடுகிறது, ஜெயித்தால் கோப்பை. மைனர் லீக் அணி பெயரில் ஊர் இருக்கும், ரசிகர்களும் இருப்பார்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் மேலே உள்ள ஏதோ ஒரு பெரிய அணியின் சம்பளக்காரர்கள். டர்ஹம் அணியில் ஆடுபவருக்குச் சம்பளம் கொடுப்பது ஃப்ளோரிடாவின் டாம்பா பே அணி. நாற்றங்கால் என்று சொன்னால் சரியாக இருக்கும். நாற்று நன்றாக வளர்ந்துவிட்டால் பிடுங்கி வேறு வயலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், நாற்றங்காலில் விளைச்சலை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மேஜர் லீக் என்னும் பெரிய லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகள்: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. ஆக மொத்தம் 120 அணிகள். 2020 வரை இது 160-ஆக இருந்தது. 2021-இல் மறுசீரமைப்பு என்ற பெயரில் வெட்டினார்கள், பல சின்ன ஊர்கள் தங்கள் அணியை இழந்தன. இந்த நான்கு படிகளுக்கும் கீழே ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி லீக்குகள், டொமினிகன் குடியரசில் ஒரு கோடைகால லீக். ஏணி உயரம்தான்.

'ஜர்னிமேன்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

அந்தச் சொல்லுக்கும் பயணத்துக்கும் சம்பந்தம் இருப்பது போலத் தெரியும், ஆனால் அதன் வேர் தொழிலில் இருக்கிறது. வேலை கற்று முடித்தவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாமல் நாள் கூலிக்குப் போகிறவர் என்பதுதான் பழைய பொருள். நம் ஊரில் கைசுத்தமான கொத்தனார் இருப்பார். மேஸ்திரி ஆகியிருக்க மாட்டார். எந்தக் கட்டடத்தில் ஆள் குறைகிறதோ அங்கே கரண்டியோடு போய் நிற்பார். பேஸ்பாலில் ஜர்னிமேன் பிட்சர் அவர்தான். வேலை தெரியாதவரை யாரும் பத்து இடத்துக்குக் கூப்பிடுவதில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் இளக்காரமாகப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒரு ஆளை உதாரணமாகச் சொல்லுங்களேன்.

ரிச் ஹில். மாசசூசெட்ஸ்காரர், 1980 மார்ச்சில் பிறந்தவர், இடது கை பிட்சர். புது ஆட்களைப் பெரிய அணிகள் எடுக்கும் 'டிராஃப்ட்' தேர்வில் மூன்று முறை அவரைத் தேர்வு செய்தார்கள். 1999-இல் பள்ளி முடித்தபோது சின்சினாட்டி, 2001-இல் அனாஹைம், 2002-இல் சிகாகோ கப்ஸ். முதல் இரண்டு முறையும் மறுத்துவிட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடினார், மூன்றாவதில் கையெழுத்துப் போட்டார். பிறகு பாய்ஸி, லான்சிங், டேடோனா, அயோவா என்று படிப்படியாக ஏறி, 2005 ஜூனில் கப்ஸ் அணிக்கு வந்தார். 2007-இல் 32 ஆட்டங்களைத் தொடங்கி வீசினார், 183 ஸ்ட்ரைக்அவுட், அதாவது பேட்ஸ்மேன் பந்தை ஒழுங்காக அடிக்காமல் மூன்று வாய்ப்பையும் இழந்து அவுட் ஆனது. அந்த வருடம் அவரைப் பார்த்தவர்கள் இனி பத்து வருடம் இவர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வருடமே பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. 2009-இல் பால்டிமோர் வாங்கியது, தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. 2010-இல் செயின்ட் லூயிஸின் மெம்ஃபிஸ் அணி, அங்கிருந்து பாஸ்டனின் பாடக்கெட் அணி. கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி வீசக் கற்றுக்கொண்டார். தொடக்கம் முதல் வீசுபவராக இல்லாமல், நடுவில் வந்து ஓரிரு இடது கை பேட்ஸ்மேன்களை மட்டும் கவனிப்பவராக மாறினார். 2011-இல் முழங்கை போயிற்று, இன்னொரு அறுவை சிகிச்சை. 2013-இல் கிளீவ்லண்ட். பிறந்து இரண்டே மாதமான மகனை 2014 பிப்ரவரியில் இழந்தார். அதே கோடையில் ஏஞ்சல்ஸ் அணி அவரைக் காசு கொடுத்து வாங்கியது. இரண்டு ஆட்டங்கள், நான்கு பேட்ஸ்மேன்கள், ஒருவரைக்கூட அவுட் ஆக்கவில்லை. உடனே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யாங்கீஸ். 2015 தொடக்கத்தில் வாஷிங்டன் அணியின் கீழ் சிராக்யூஸ், டிரிபிள் ஏ. ஜூனில் அங்கிருந்தும் வெளியே வந்தார்.

வயது 35. கையில் எந்த ஒப்பந்தமும் இல்லை.

அதற்குப் பிறகு?

இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் மேலே அவ்வளவு நீட்டினேன்.

நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் சென்ட்ரல் ஐஸ்லிப் என்ற ஊர். அங்கே டக்ஸ் என்று ஒரு அணி, பெயரே வாத்துதான். இது மைனர் லீக் ஏணியில்கூட இல்லை. அட்லாண்டிக் லீக் என்ற சுதந்திர லீக்கைச் சேர்ந்தது, எந்தப் பெரிய அணிக்கும் சொந்தமில்லை. மற்ற இடங்களில் வழி அடைபட்டவர்கள் வந்து சேரும் இடம். ஹில் அங்கே போனதற்கு ஒரே காரணம், ஆட்டத்தை முதல் பந்திலிருந்து வீசும் வேலையை அவருக்குத் தர அவர்கள் தயாராக இருந்தார்கள் என்பதுதான். பெரிய அணிகள் எல்லாம் அவரை நடுவில் வந்து நாலு பந்து வீசிவிட்டுப் போகும் ஆளாகவே பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டு ஆட்டம் வீசினார். மொத்தம் 11 இன்னிங்ஸ். பேஸ்பாலில் ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக 33 அவுட். அதில் 21 ஸ்ட்ரைக்அவுட். எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. எந்த மட்டத்தில் ஆடினாலும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா இருக்க முடியாது.

ஆகஸ்டில் சொந்த ஊர் அணியான பாஸ்டன் கூப்பிட்டு, மறுபடி பாடக்கெட்டில் போட்டது. அங்கே பிரையன் பானிஸ்டர் என்ற முன்னாள் பிட்சர், அணிக்குப் பந்துவீச்சு ஆய்வாளராக இருந்தார். பந்து எத்தனை சுழல் சுழல்கிறது, எவ்வளவு வளைகிறது என்று கருவிகள் தரும் கணக்கைப் படிப்பது அவர் வேலை. 'உங்கள் கர்வ்பால் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, ஏன் இவ்வளவு குறைவாக வீசுகிறீர்கள்' என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கர்வ்பால் என்பது விரல் இழுப்பில் மேலிருந்து கீழே சரிந்து விழும் மெதுவான பந்து. நம் லெக் ஸ்பின்னரின் டாப் ஸ்பின் ஞாபகம் வரும், ஆனால் இது தரையில் படாமலே விழும். வழக்கமாக பிட்சர்கள் வேகப் பந்தை அதிகமாகவும் கர்வ்பாலை ஊறுகாய் மாதிரியும் வைத்துக்கொள்வார்கள். ஹில் ஊறுகாயைச் சோறாக்கினார். 2016-இல் அவர் வீசியதில் கிட்டத்தட்ட பாதி கர்வ்பால். அதையும் ஒரே மாதிரி வீசவில்லை. ஒன்றை மெதுவாக, இன்னொன்றை இன்னும் மெதுவாக, ஒன்றை மேலிருந்து, அடுத்ததைப் பக்கத்திலிருந்து. இப்படி இருந்தால் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகப் பந்துகூட பேட்ஸ்மேனுக்கு 155 போலத் தெரியும்.

2015 செப்டம்பர் 13 அன்று டாம்பா பே அணிக்கு எதிராக வீசினார். 2009-க்குப் பிறகு பெரிய லீக்கில் அவர் தொடங்கி வீசிய முதல் ஆட்டம். 7 இன்னிங்ஸ், எதிரணி சரியாக அடித்தது ஒரே ஒரு ஹிட், 10 ஸ்ட்ரைக்அவுட். அந்த மாதம் மொத்தம் நான்கு ஆட்டம், 29 இன்னிங்ஸ், 36 ஸ்ட்ரைக்அவுட். நவம்பரில் ஓக்லண்ட் ஒரு வருடத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்த வருடம் டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மூன்று வருடத்துக்கு 4 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. வாத்து அணியிலிருந்து அந்தக் கையெழுத்துக்கு ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

ஒரே ஆளை இத்தனை முறை எப்படி மேலே கீழே தள்ள முடிகிறது? சட்டம் கிட்டம் இல்லையா?

சட்டம் இருக்கிறது, அதுதான் தள்ளுகிறது. பெரிய அணியின் கட்டுப்பாட்டில் 40 பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதில் 26 பேர் மேலே ஆடுவார்கள், மீதிப் பேர் கீழே காத்திருப்பார்கள். பட்டியலில் உள்ள ஒருவரை மூன்று வருடங்களில், யார் அனுமதியும் கேட்காமல் கீழே அனுப்பலாம். இதற்கு 'ஆப்ஷன்' என்று பெயர். முன்பு ஒரே வருடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று இருந்தது, 2022 முதல் வருடத்துக்கு ஐந்து முறைதான். டிரிபிள் ஏ அணியில் இருக்கும் பிட்சரைக் காலையில் விமானம் ஏற்றுவார்கள், இரவு 40 பந்து வீசுவார், அடுத்த நாள் கை சோர்ந்துவிட்டது என்று கீழே இறக்கிவிட்டு, புதுக் கை உள்ள இன்னொருவரை ஏற்றுவார்கள். நன்றாக வீசினாலும் இதுதான் நடக்கும். சில சமயம், அதிகமாக வீசிவிட்டார் என்பதே இறக்குவதற்குக் காரணம்.

ஆப்ஷன் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் மற்ற 29 அணிகளுக்கும் முதலில் காட்ட வேண்டும். 'டிஎஃப்ஏ' என்று செய்தியில் வரும். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், ஏழு நாளுக்குள் விற்போம், அனுப்புவோம் அல்லது விடுவிப்போம் என்று பொருள். அந்த ஏழு நாள் அவர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மனைவி குழந்தைகள் ஒரு ஊரில், கார் இன்னொரு ஊரில், வாடகை கட்டிய வீடு மூன்றாவது ஊரில் என்று இருக்கும்.

சம்பளம் எவ்வளவு?

கோடிக்கணக்கில் என்று பலர் நினைக்கிறார்கள். 2021-இல் டிரிபிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 700 டாலர், சிங்கிள் ஏ-வில் 500. அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். மார்ச் மாதப் பயிற்சி முகாமுக்கு நெடுங்காலமாகச் சம்பளமே இருந்ததில்லை. ஆறு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, காற்றடைத்த மெத்தையில் படுப்பது, குளிர்காலத்தில் கிடங்கு வேலைக்குப் போவது எல்லாம் அப்போது சாதாரணம்.

2014-இல் சில முன்னாள் ஆட்டக்காரர்கள் கூலிச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2018-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம்' என்று பெயர் வைத்து, மைனர் லீக் ஆட்டக்காரர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. பெயர் வைப்பதில் அரசியல்வாதிகளுக்கு எல்லா நாட்டிலும் ஒரே திறமைதான். வழக்கு 2022-இல் 18 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது. அதே வருடம் அணிகளே தங்குமிடம் தர ஆரம்பித்தன, ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. அதன்படி வருடக் குறைந்தபட்சம் டிரிபிள் ஏ-வில் 35,800 டாலர், டபுள் ஏ-வில் 30,250, சிங்கிள் ஏ-வில் 26,200.

அதே 2023-இல் பெரிய லீக் குறைந்தபட்சம் 7 லட்சத்து 20 ஆயிரம். நாள் கணக்கில் வகுத்தால் ஒரு நாளைக்கு 3,800 டாலருக்கு மேல். டிரிபிள் ஏ-வில் ஒரு வருடம் முழுக்க வாங்குவதை மேலே பத்து நாளில் வாங்கிவிடலாம். போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்றேனே, காரணம் இதுதான்.

ஏதோ 43 நாள் கணக்கு என்கிறார்களே?

பெரிய லீக்கில் 43 நாள் இருந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி. ஒரே ஒரு நாள் இருந்தாலே வாழ்நாள் மருத்துவக் காப்பீட்டில் சேரும் உரிமை உண்டு. அதனால் வயதான மைனர் லீக் பிட்சர்களிடம் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள், 38, 40 என்று. நம் ஊரில் தற்காலிக ஊழியர் பணி நாள் எண்ணுவது போலத்தான்.

வேகம் இருந்தால் போதாதா?

போதாது என்பதற்கு ஸ்டீவ் டல்கோவ்ஸ்கி. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன்காரர், 1957-இல் பால்டிமோர் அவரைச் சேர்த்தது. பார்த்தவர்கள் பலர் இன்றுவரை அவரைப் போல வேகமாக வீசியவர் கிடையாது என்கிறார்கள். முதல் வருடம் கிங்ஸ்போர்ட் அணியில் 62 இன்னிங்ஸில் 121 ஸ்ட்ரைக்அவுட், கூடவே 129 வாக். வாக் என்றால் நான்கு பந்துகள், பேட்ஸ்மேன் அடிக்கக்கூடியது என்று வகுத்த எல்லைக்கு வெளியே போய் பேட்ஸ்மேனுக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது. 1960-இல் ஸ்டாக்டனில் 170 இன்னிங்ஸ், 262 ஸ்ட்ரைக்அவுட், வாக்கும் சரியாக 262. இப்படி ஒரு கணக்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

1962-இல் எல்மைராவில் ஏர்ல் வீவர் மேலாளராக வந்தார். டல்கோவ்ஸ்கிக்குக் குழப்பமான பாடம் எதுவும் எடுக்காமல், வேலையை எளிமையாக்கினார். பந்து எல்லைக்குள் விழ ஆரம்பித்தது. 1963 வசந்தகாலப் பயிற்சியில் பெரிய அணியில் இடம் உறுதி என்ற நிலை. யாங்கீஸுக்கு எதிரான ஒரு பயிற்சி ஆட்டத்தில் முழங்கையில் ஏதோ அறுந்தது. வேகம் திரும்பவே இல்லை. இன்னும் சில வருடம் சின்ன அணிகளில் சுற்றினார். அப்புறம் கலிஃபோர்னியாவில் வயல் கூலி, குடி. பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசாமல் போய்விட்டார். 2020 ஏப்ரலில், 80 வயதில், சொந்த ஊரிலேயே கொரோனாவில் இறந்தார்.

அந்த முழங்கையைச் சரி செய்ய முடியாதா?

இப்போது முடியும், அப்போது முடியாது. 1974-இல்தான் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்துக் கட்டினார். அறுவை சிகிச்சைக்கு நோயாளியின் பெயரே நின்றுவிட்டது. திரும்பி வர 12 முதல் 18 மாதம் ஆகும். 2011-இல் ஹில்லுக்குச் செய்ததும் இதுதான்.

இடது கைக்காரருக்கு மட்டும் ஏன் இத்தனை வாய்ப்பு?

இடது கை பேட்ஸ்மேனுக்கு இடது கைப் பந்து முதுகுப் பக்கத்திலிருந்து வருவது போல இருக்கும். அதனால் ஒரே ஒரு பேட்ஸ்மேனுக்காக ஒரு பிட்சரை வைத்திருந்த காலம் உண்டு. 2020-இல் குறைந்தது மூன்று பேருக்கு வீச வேண்டும் அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த வேலை போயிற்று.

வெளிநாட்டுக்குப் போகலாமா?

போகலாம். குளிர்காலத்தில் டொமினிகன், வெனிசுவேலா, மெக்சிகோ லீக்குகள், நீண்ட கால வேலைக்கு ஜப்பானும் தென் கொரியாவும். மெரில் கெல்லி இதில் தனி ரகம். டாம்பாவின் மைனர் அணிகளில் மேலே போக முடியாமல் இருந்தவர், 2015 முதல் நான்கு வருடம் கொரியாவில் வீசினார். 2019-இல் அரிசோனா அணிக்காக 30 வயதில் பெரிய லீக்கில் முதல் ஆட்டம். 2023 உலகத் தொடரில், அதாவது பெரிய லீக்கின் இறுதித் தொடரில், ஒரு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார்.

இந்தியர் யாராவது?

ரிங்கு சிங், தினேஷ் படேல். இருவரும் உத்தரப் பிரதேசம், இருவரும் ஈட்டி எறிந்தவர்கள். 2008-இல் ஒரு டிவி போட்டியில் தேர்வாகி, பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாமல் அமெரிக்கா போய், சில மாதத்தில் பிட்ஸ்பர்க் அணியில் கையெழுத்துப் போட்டார்கள். தினேஷை 2010-இல் விட்டுவிட்டார்கள். ரிங்கு இன்னும் கொஞ்சம் மேலே ஏறினார், கை ஒத்துழைக்கவில்லை, பிறகு மல்யுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். தமிழர் கதையாக ஒன்று சொல்ல ஆசைதான், கைவசம் இல்லை.

இவர்கள் எப்போதுதான் நிறுத்துவார்கள்?

யாரும் கூப்பிடாதபோது. ஹில் அதையும் கொஞ்சம் வளைத்தார். 2024-இல் வருடத்தின் முதல் பாதியில் எந்த அணியிலும் சேராமல், மகனின் பள்ளி வயதுப் பையன்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் பாஸ்டனுக்காக மறுபடி வீசினார். 2025 மே மாதம் கான்சாஸ் சிட்டி அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்து ஒமாஹாவில் போட்டது. 45 வயதுக்காரர், பாதி வயதுப் பையன்களோடு, டிரிபிள் ஏ.

ஜூலை 22 அன்று மேலே ஏற்றினார்கள். அது அவருடைய 14-ஆவது பெரிய அணி. எட்வின் ஜாக்சன் என்ற பிட்சரின் சாதனையைச் சமன் செய்தது. மைதானம் சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட், எதிரணி 2005-இல் அவரை முதலில் மேலே கொண்டுவந்த அதே கப்ஸ். 5 இன்னிங்ஸ் வீசினார். அதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு ஆட்டம். அது முடிந்த கையோடு டிஎஃப்ஏ என்று செய்தி வந்தது.